திண்டிவனத்தில் எடுத்த ரத்தம் யாருடையது?

“கே. செல்வி யாரும்மா?” என்று கவுன்டரில் இருந்து குரல் வந்ததும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் ஸ்கேன் சென்டரும் அதை ஒட்டி ரத்தப் பரிசோதனைக்கான கலெக்‌ஷன் சென்டரும் இருக்கிற ஒரு கட்டடம். காலை ஒன்பதுக்கே பெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்தவர்களில் ஒருவருக்கு ‘கே’ என்பது அப்பாவின் இனிஷியல். கல்யாணமாகியும் ஆதாரில் மாற்றவில்லை. இன்னொருவருக்கு அது வீட்டுக்காரரின் இனிஷியல். (பெயரை நான் மாற்றியிருக்கிறேன். சிக்கல் அதேதான்.) இருவருக்கும் மூன்றாவது மாதம் முடியப்போகிறது. இருவர் கையிலும் டபுள் மார்க்கர் சீட்டு. கவுன்டர் பெண் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. “வூட்டுக்காரர் பேரு சொல்லுங்க” என்று கேட்டுப் பிரித்துவிட்டார். இதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, பழக்கத்தில் வந்தது. அவர் லீவு போடுகிற நாளில் அந்தப் பழக்கமும் லீவில் போய்விடும்.

சர்க்கரைப் பரிசோதனையில் ஆள் மாறினால் மறுநாள் தெரிந்துவிடும்; இன்னொரு முறை விரலைக் குத்தினால் தீர்ந்தது. மரபணு, கரு தொடர்பான பரிசோதனைகள் அப்படியல்ல. பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் எடுப்பார்கள். அதை வைத்துத்தான் ஒரு கர்ப்பம் தொடர்வதா வேண்டாமா என்று முடிவாகும். அடுத்த குழந்தை, தங்கையின் கல்யாணம், அண்ணனின் பிள்ளைகள் வரைக்கும் அந்த ஒரு தாள் பேசும். தப்பு நடந்திருந்தாலும் வருடக்கணக்கில் வெளியே வராது.

நோயாளி பாதுகாப்பு என்றதும் அறுவைசிகிச்சை அறை, கை கழுவுதல், ரத்தம் ஏற்றுதல் என்றுதான் நினைவுக்கு வரும். மரபியல் மருத்துவத்தில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஜிஎஸ்டி ரோட்டில் அலைந்தேன். நான் சுற்றிய தெருக்களில் மரபியல் மருத்துவர் என்று ஒரு போர்டு கூடக் கண்ணில் படவில்லை. அந்தப் படிப்பு படித்தவரைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மர், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. என்று பஸ் ஏறியாக வேண்டும். ஆனால் பரிசோதனைகள் இங்கே நடக்காமல் இல்லை. டியூபும் அட்டையும் பார்சலாகப் போகின்றன, ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் திரும்பி வருகிறது. நடுவில் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை இடத்தில் கோட்டை விட வாய்ப்பிருக்கிறது.

கலெக்‌ஷன் சென்டரில் சற்று நேரம் ஓரமாக நின்று பார்த்தேன். ஸ்டாண்டில் ஐந்தாறு டியூப்கள் ஏற்கெனவே பெயர் ஒட்டித் தயாராக இருந்தன. வேலை வேகமாக நடக்கும் என்பதற்காகக் காலையிலேயே லேபிள் ஒட்டி வைப்பது. உலகம் முழுக்கப் பரிசோதனைக் கூடங்கள் செய்யாதே என்று சொல்லும் முதல் காரியம் இதுதான். ரத்தம் எடுத்த பிறகு, எடுத்தவரே, நோயாளியின் கண் முன்னால், அவர் வாயாலேயே பெயரைச் சொல்லவைத்து ஒட்ட வேண்டும். “நீங்கதானே செல்வி?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்கள். “உங்க பேரு என்ன?” என்று கேட்க வேண்டும்.

அடுத்தது படிவம். டபுள் மார்க்கரில் ரத்தத்தில் இருக்கும் இரண்டு பொருள்களின் அளவு மட்டும் பதிலைத் தந்துவிடாது. தாயின் வயது, எடை, ஸ்கேனில் அளந்த கருவின் நீளம், இரட்டைப் பிள்ளையா, சர்க்கரை உண்டா என்பதையெல்லாம் சேர்த்துக் கணினி கணக்குப் போட்டுத்தான் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு இத்தனையில் ஒன்று என்று சொல்கிறது. எடை மாறினால் பதிலும் மாறும்.

“எடை எவ்ளோக்கா?”

“அம்பத்தஞ்சு இருக்கும் சிஸ்டர்.”

55 என்று எழுதிக்கொண்டார். எடை பார்க்கும் மெஷின் அதே மேசைக்கு அடியில்தான் இருந்தது. அதன் மேல் கூரியர் கவர்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

இந்தக் கணக்கில் பல ஆய்வகங்கள் 250-ல் 1 என்பதை எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. 200-ல் 1 என்று வந்தால் ‘ஹை ரிஸ்க்’ என்று சிவப்பில் அச்சாகும். அப்படி வந்த 200 பேரில் 199 பேருக்குக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்காது என்பதை யார் சொல்வது? இது வடிகட்டும் சோதனைதான். உறுதி செய்ய ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஊசிக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஸ்கேன் சென்டர் சுவரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம் என்ற போர்டு. அந்த 1994 சட்டத்தின் 5-வது பிரிவை யாரும் போர்டில் எழுதுவதில்லை. செய்யப்போகும் பரிசோதனையின் பக்கவிளைவுகளைக் கர்ப்பிணிக்கு விளக்க வேண்டும். அவருக்குப் புரிகிற மொழியில் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்க வேண்டும். அதன் நகலை அவர் கையில் தர வேண்டும். நகல் கையில் கிடைத்ததாகச் சொன்ன ஒரு பெண்ணையும் இந்தப் பயணத்தில் நான் பார்க்கவில்லை. நாலு பேரிடம் கேட்டுவிட்டு மாவட்டத்துக்கே தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனாலும் கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட அப்படி ஓர் உரிமை இருப்பது தெரியவில்லை.

கர்ப்பிணிகளின் ஓ.பி.யில் ஒரு கேள்வி உண்டு: “சொந்தமா, அசலா?” தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 28 விழுக்காடு திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. மாநிலங்களில் நம்முடையதுதான் முதலிடம். எனவே இது வெறும் சம்பிரதாயக் கேள்வியல்ல, இந்த மண்ணின் மிக மலிவான மரபணுப் பரிசோதனை. கேஸ் ஷீட்டில் அதற்குச் சுருக்கெழுத்து இருக்கிறது. அசல் என்றால் என்.சி.எம்.; அக்கா மகள் என்றால் செகண்ட் டிகிரி; மாமன் மகள், அத்தை மகன் என்றால் தேர்ட் டிகிரி.

நான் நின்ற இடத்தில் கேள்வி மருமகளிடம் கேட்கப்பட்டது, பதில் மாமியாரிடமிருந்து வந்தது. “தூரத்துச் சொந்தம்மா.” எழுதப்பட்டது என்.சி.எம். பக்கத்து பெஞ்சில் அந்த அம்மாவிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். “எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி பொண்ணுதான் தம்பி” என்றார். தூரமாம்! கேள்வி கேட்ட நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம்தான் கேட்பார். சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகும் என்று மேடைதோறும் பேசிப் பேசி, அந்தக் கேள்வியையே குற்றப்பத்திரிகை ஆக்கிவிட்டோம். உண்மை அத்தனை பயங்கரமானதல்ல. யாருக்குப் பிறந்தாலும் நூறில் இரண்டு, மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கக்கூடும். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் இன்னும் இரண்டு, மூன்று கூடும். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட்டு, “உங்க அம்மாவும் உங்க வூட்டுக்காரரோட அப்பாவும் எப்படி உறவு?” என்று கேட்டுப் பார்த்தால் சரியான பதில் வரும். அதையும் மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

ஒரு கேள்வி உயிரையே காப்பாற்றும் என்பதற்கு விழுப்புரத்தில் நல்ல உதாரணம் கிடைத்தது. இந்தப் பகுதித் தனியார் மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் ஒருவரைச் சந்தித்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் தவறாமல் கேட்பது: “நீங்க ஆரிய வைசியரா? கோமுட்டிச் செட்டியாரா?” சாதி கேட்கிறாரே என்று முகம் சுளித்தவர்கள் உண்டாம். காரணத்தைச் சொன்னதும் அமைதியாகிவிடுவார்களாம்.

காரணம் இது. மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டைக்குள் குழாய் செலுத்த, தசைகளைத் தளர்த்த ஸ்கோலின் என்ற ஊசி போடுவார்கள். ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஐந்து, பத்து நிமிடத்தில் தசைகள் பழையபடி இயங்கும். அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவருக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது. வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். ஆனால் என்ன நடக்கிறது என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், நினைவு திரும்பிய பிறகும் விரலைக்கூட அசைக்க முடியாமல் நோயாளி கிடப்பார். வைசியச் சமூகத்தில் இந்த நொதிக் குறைவு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதியும் மற்ற ஆய்வாளர்களும் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006-ல் வெளியிட்டார்கள். ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் கே. தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்து, அவற்றில் 81-ல் சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியதன் தடம் மிக ஆழமாக இருப்பதைக் கண்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே கொண்டு கொடுத்து வாழும் எந்தச் சமூகத்துக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கலாம். இதில் மேல், கீழ் எதுவுமில்லை.

நமது மயக்கவியல் மருத்துவர்கள் இந்தக் கேள்வியை எந்த இயந்திரமும் இல்லாமல் வாய்வழியாகவே ஒருவருக்கொருவர் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். மரபியலில் நோயாளி பாதுகாப்புக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாதியைக் கேட்பதோடு நின்றால் ஓட்டை இருக்கிறது. இந்தக் குறை மற்றவர்களிடமும் உண்டு. “குடும்பத்துல யாருக்காவது ஆபரேஷன் பண்ணப்போ மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆச்சா? மெஷின்ல வச்சாங்களா?” என்பதையும் கேட்கிறேன் என்றார் அவர். சரி, பதில் எங்கே எழுதப்படுகிறது? அங்கேதான் உதைக்கிறது. “கொஞ்சம் லேட்டா முழிச்சாரு” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரி இருக்காது. அடுத்த வருடம் அவர் தங்கைக்கு வேறொரு ஊரில் ஆபரேஷன் நடக்கும்போது, அங்கே இருக்கும் மருத்துவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். அங்கேதான் 2010-ல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. செஞ்சி, மரக்காணம், திண்டிவனம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சிக்கலான கேஸ்கள் கடைசியில் வந்து சேரும் இடம். 2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறையும், பள்ளிகளுக்கு ஒரு முறையும் போய்க் குழந்தைகளைப் பார்க்கின்றன. பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறார்கள். கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டுபிடித்த பிறகு குழந்தை எங்கே போகிறது என்பதில்தான் என் கேள்வி.

மாவட்டத்தில் ஒரு பிரசவ வார்டில் (எது என்று சொல்லப்போவதில்லை) பச்சிளம் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுப்பதைப் பார்த்தேன். பிறந்து 48 மணி நேரம் ஆகியிருந்தது. முதல் நாளிலேயே எடுத்தால் தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன் இயல்பாகவே ஏறியிருக்கும். இல்லாத நோய் இருப்பதாகக் காட்டிவிடும். அந்த நர்ஸ் கைதேர்ந்தவர். குதிகாலை வெதுவெதுப்பாக்கி, ஸ்பிரிட் காயும்வரை காத்திருந்து, ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, இரண்டாவது பெரிய சொட்டை அட்டையின் வட்டத்தில் படியவைத்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் முழுதாக ஊறியிருந்தது. 1960-களில் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்த முறை, ஏறக்குறைய அப்படியே.

அட்டையில் எழுதியது ‘பேபி ஆஃப்’, அம்மா பெயர், தேதி, ஒரு போன் நம்பர். பிறகு அட்டை ஜன்னல் விளிம்புக்குப் போனது. அங்கே வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நிழலில், தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் மூன்று, நான்கு மணி நேரம் காய வேண்டிய அட்டை. அத்தனை பக்குவமாக எடுத்த ரத்தம்!

அந்த ஒரு சொட்டில் தேடுவது முக்கியமாகப் பிறவித் தைராய்டு குறைவை. இதில் பெரும்பகுதி பரம்பரையாக வருவதல்ல. ஆனாலும் பச்சிளம் குழந்தைப் பரிசோதனையில் முதலில் நிற்கும் நோய் இது. இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்றவர்களைப் போலவே படிக்கும், ஓடும். மாதங்கள் தவறினால் மூளை வளர்ச்சி பாதித்துவிடும், பிறகு எந்த மாத்திரையாலும் திருப்ப முடியாது. மாத்திரையின் விலை ஒரு பிரச்சினையே இல்லை. ரிசல்ட் வந்ததும் அந்தத் தாயைப் பிடிப்பதுதான் பிரச்சினை.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆதாரில் விலாசம் புகுந்த வீடு. வளைகாப்பு முடிந்து அவர் வந்திருப்பது வேறு ஒன்றியம். கொடுத்த போன் நம்பர் வீட்டுக்காரருடையது; அவர் திருப்பெருமந்தூர்ப் பக்கம் கம்பெனியில் ஷிஃப்டில் இருப்பார். புது நம்பரிலிருந்து வரும் அழைப்பை லோன் ஏஜென்ட் என்று நினைத்து எடுக்கமாட்டார். “ரெண்டு தடவை அடிச்சோம், எடுக்கல” என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் ஆய்வகத்தின் கடமை முடிந்தது. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி நம்பர் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கும் அதுதான், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான். அந்த எண் தெரிந்தால் கிராம சுகாதார செவிலியர் எந்த ஊரில் இருந்தாலும் வீட்டைத் தேடிப் போய்விடுவார். நான் பார்த்த அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை.

இது ஏழை நாட்டுக்கு மட்டும் உரிய கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். 2013-ல் அமெரிக்காவின் மில்வாக்கி ஜர்னல் சென்டினல் நாளிதழ் அங்குள்ள மருத்துவமனைகளை ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரைத் தொடர் போட்டது. ரத்த அட்டைகளைத் தினமும் அனுப்பாமல் சேர்த்துவைத்து அனுப்பியதும், வார விடுமுறையில் ஆய்வகம் மூடியிருந்ததுமே குழந்தைகளைப் பலி கொண்டன என்று அதில் அம்பலமாயிற்று. பிறகு அரிசோனா மாநிலம் எந்த மருத்துவமனை எத்தனை நாள் தாமதிக்கிறது என்று பெயர் போட்டே வெளியிட்டது. தாமதம் குறைந்தது. புது இயந்திரம் எதுவும் வாங்காமலே நடந்த மாற்றம் இது.

மருத்துவக் கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் தன் போனை நீட்டினார். மகளுக்கு அடிக்கடி வலிப்பு. எங்கோ பணம் கட்டி மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் பல பக்க பி.டி.எஃப். “ஜீன்ல கோளாறுன்னுட்டாங்க சார். இன்னொரு புள்ள பெத்துக்காதீங்கன்னாங்க.” ரிப்போர்ட்டைப் படித்தேன். மரபணு மாற்றங்களை நோய் தருவது, அநேகமாகத் தருவது, சொல்லத் தெரியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது என்று ஐந்தாகப் பிரிப்பது 2015-லிருந்து உலக வழக்கம். இவர் மகளுக்கு வந்திருந்தது மூன்றாவது: சொல்லத் தெரியாதது. அதை வைத்து எந்தச் சிகிச்சை முடிவும் எடுக்கக்கூடாது என்பதுதான் விதி. அம்மா, அப்பா ரத்தத்தையும் பார்த்தால் பல நேரம் தெளிவு கிடைக்கும். அதை இவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. இந்தியர்களின் மரபணுத் தரவு உலகக் கிடங்குகளில் குறைவாக இருப்பதும் இந்த மூன்றாம் வகை நமக்கு அதிகமாக வர ஒரு காரணம். 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியை வாசித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 தொடக்கத்தில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டிருக்கிறது; போகப்போக இந்தக் குழப்பம் குறையலாம். அப்போது ‘தெரியாதது’ என்று எழுதியது ‘தீங்கற்றது’ என்று மாறினால், டீக்கடையில் நிற்கும் இவருக்கு யார் போன் செய்வார்கள்? ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், மறு ஆய்வுக்கு நீங்கள்தான் தொடர்புகொள்ள வேண்டும் என்று போட்டிருக்கிறது.

வேலூர் சி.எம்.சி.யில், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து வெற்றி கண்டதை 2024 டிசம்பரில் உலகமே படித்தது. அதே நோய் உள்ள பையனை மேல்மலையனூரில் காதுகுத்த உட்காரவைக்கும் குடும்பமும், காய்ச்சல் என்று போனால் தசையில் ஊசி போட்டு அனுப்பும் கிளினிக்கும் இந்த மாவட்டத்தில் இருக்கத்தான் செய்யும். ‘தசையில் ஊசி போடக்கூடாது’ என்று தமிழில் ஒரு அட்டை பையனின் சட்டைப்பையில் இருந்தால் போதும்.

உலக நோயாளி பாதுகாப்பு நாள் செப்டம்பர் 17. 2025-க்கு உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட பொருள், பச்சிளம் குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் பாதுகாப்பான சிகிச்சை. பேரணியும் உறுதிமொழியும் நடக்கட்டும். சுகாதாரத் துறைக்கு என் விண்ணப்பம் சிறியது: ரத்த அட்டையிலும் பரிசோதனைப் படிவத்திலும் பிக்மி நம்பருக்கு ஒரு கட்டம், தாய்வீட்டு போனுக்கு ஒரு கட்டம், கையெழுத்துப் போட்டவருக்குத் தமிழில் ஒரு நகல். மரபியல் மருத்துவர் விழுப்புரத்துக்கு வரும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்தார்கள் என்றால், பத்து நாளுக்குள் நீங்களே போய் ரிசல்ட் கேளுங்கள். போன் வராததால் எல்லாம் நார்மல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.